வாடிக்கையாளர்களுக்கு மட்டும்

கழிப்பறைக் கதவில் காபிக் கடை முதலாளி ஒட்டியிருந்த அறிவிப்பு கொட்டை எழுத்தில் இருந்தது: ‘வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.’ படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று கூடவே ஒரு பூட்டு.

பூட்டி என்ன பயன்? சாவி கல்லாவில் இருந்தது. கல்லாவில் மனைவி இருந்தாள்.

கடை இருந்ததோ நாற்சந்தி மூலையில். தபால்காரர், மின்சார மீட்டர் பார்ப்பவர், தெரு கூட்டும் அம்மாள் என்று ஊருக்கு உழைக்கிற அத்தனை பேரும், “அக்கா, ஒரு நிமிஷம்” என்று வந்து நிற்பார்கள். அவளும் சாவியை நீட்டிவிடுவாள். அவர்களில் முதலாளியின் வயிற்றெரிச்சலை மொத்தமாகக் கொட்டிக்கொண்டவள், சந்தியில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரி. தினம் பதினோரு மணிக்கு டாணென்று வந்துவிடுவாள்.

“ஒரு காபி வாங்கியிருப்பாளா? ஒரு பன்? அதுக்கு மட்டும் நம்ம கடையா?”

“காலையில ஆறு மணியிலேர்ந்து நடுரோட்டுல நிக்கிறாங்க. போக இடமில்லேன்னு தண்ணியே குடிக்கிறதில்லையாம். பாவங்க.”

“அப்ப போர்டையே மாத்திடலாம். ‘இலவசக் கழிப்பறை. காபியும் கிடைக்கும்’னு.”

“மாத்துங்க. அப்பவாவது கூட்டம் வரும்.”

இவளிடம் வாய் கொடுத்துப் பயனில்லை என்று முதலாளிக்குத் தெரியும். ஆதாரம் வேண்டும். அந்தப் போலீஸ்காரிக்குக் கை நீளம் என்று நிரூபித்துவிட்டால் போதும். அவளோடு தபால், மீட்டர், துடைப்பம் எல்லாம் ஒழியும். ஒரே கல்லில் ஒரு தோப்பு மாங்காய்.

தூண்டிலுக்குப் புழு வேண்டுமே? இருந்தது. அவருடைய வெளிநாட்டு வாட்ச். பின்பக்கம் ‘அன்பு மாப்பிள்ளைக்கு’ என்று அழகாகப் பொறித்திருக்கும். “மாமனார் போட்டது” என்று காபி குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் கழற்றிக் காட்டுவார். அப்போதெல்லாம் மனைவி அண்ணாந்து ஃபேனைப் பார்ப்பாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு, கழிப்பறையின் வாஷ்பேசின் விளிம்பில் வாட்ச்சை வைத்தார். முகப்பில் தண்ணீர் தெறிக்கக் கூடாதே என்று குப்புறக் கவிழ்த்து வைத்தார். பிறகு சமையலறைக் கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்.

போலீஸ்காரி வந்தாள். சாவியை வாங்கினாள். உள்ளே போனாள்.

வழக்கமாக இரண்டே நிமிடத்தில் திரும்புகிறவள், அன்று நாலு நிமிடம் ஆக்கினாள். வெளியே வந்தபோது சட்டைப் பை புடைத்திருந்தது. “வரேங்க்கா” என்று சாவியைக் கல்லாவில் போட்டுவிட்டு, சந்திக்குக்கூடப் போகாமல் பைக்கை முடுக்கிக்கொண்டு பறந்தாள்.

முதலாளி ஓடிப் போய்ப் பார்த்தார். பேசின் காலி!

“பார்த்தியா உன் பாவத்தை? வாட்ச்சைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டா!”

மனைவிக்கு முகம் செத்துவிட்டது. “அந்தப் பொண்ணா? இருக்காதுங்க...”

“இருக்குமா இருக்காதான்னு ஸ்டேஷன்ல பேசிக்கறேன்.”

புகாரைக் காலையிலேயே எழுதித் தயாராக வைத்திருந்தார். நேரம் மட்டும்தான் பாக்கி. ‘11.04’ என்று போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இன்ஸ்பெக்டர் தங்கமான மனிதர். நாற்காலி போட்டார். காபி வரவழைத்தார். முதலாளி சொல்லச் சொல்ல இன்னொரு காபியும் வந்தது. ஓசிக் காபியை வேண்டாம் என்று முதலாளி சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

“போலீஸ் மேலேயே திருட்டுப் புகார். எங்களுக்கே அவமானம் சார்” என்றார் இன்ஸ்பெக்டர். “ஆனா வாட்ச் உங்களோடதுதான்னு சந்தேகமில்லாமத் தெரியணும்.”

“எனக்குச் சந்தேகமே இல்ல சார். பின்னாடி ‘அன்பு மாப்பிள்ளைக்கு’ன்னு போட்டிருக்கும். என் மாமனார் கல்யாணத்துக்குப் போட்டது.”

“நல்லது. அதையும் சேர்த்து எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

எழுதினார். கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

இன்ஸ்பெக்டர் மணியை அடிக்க, போலீஸ்காரி உள்ளே வந்தாள். பையிலிருந்து வாட்ச்சை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“இதேதான் சார்! கையும் களவுமா மாட்டிக்கிட்டா!”

இன்ஸ்பெக்டர் வாட்ச்சைத் திருப்பி, எழுத்துகளை விரலால் தடவினார். பிறகு தன் இடக்கைச் சட்டையை மெல்ல மடித்துவிட்டார். வெயில் படாத பட்டை ஒன்று மணிக்கட்டைச் சுற்றி வெளுப்பாகத் தெரிந்தது.

“இதைப் போட்டவர் என் மாமனாருங்க” என்றார். “மூணு மாசத்துக்கு முன்னாடி வீடு புகுந்து எடுத்துட்டாங்க. அன்னைக்குப் பேச்சை நிறுத்தின என் வீட்டம்மா இன்னும் வாயைத் திறக்கல. ஸ்டேஷன்ல அத்தனை பேரும் இந்த வாட்ச்சைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். நீங்களா சொல்றீங்களா, யார்கிட்ட வாங்கினீங்கன்னு? இல்ல, நீங்களே வந்து எடுத்தீங்களா?”

யாரோ ஒருத்தன், ஏதோ அவசரம் என்று அடிமாட்டு விலைக்குத் தந்தது. பில் கேட்கவில்லை. விலையைக் கேட்டதும் பில்லைக் கேட்கத் தோன்றவில்லை. அவன் முகம்கூட இப்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டு காபிகளும் அடிவயிற்றில் சேர்ந்து நெருக்கின.

“சார்... முதல்ல... இங்க பாத்ரூம் எங்க இருக்கு?”

போலீஸ்காரி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். “வெளியாட்களை விடறதில்ல சார். இங்கேயும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான்.”

முதலாளி நாற்காலியில் நெளிந்தார். அவள் அவர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து ஒருமுறை படித்தாள். பிறகு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினாள்.

“பரவாயில்ல, போயிட்டு வாங்க. இனிமே நீங்க எங்க வாடிக்கையாளர்தானே!”