மூன்று புள்ளி வைத்த டர்போ

தியாகதுருகம் சாலையோரத்துக் காயலான் கடையில் தகரமெல்லாம் உச்சி வெயிலில் கொதிக்கிறது. தன் கார் என்ஜினின் வேகத்தைக் கூட்டவென்று ஐயப்பன் குவியலிலிருந்து ஒரு பெரிய டர்போவை இழுத்து மெக்கானிக் பூமாலையிடம் நீட்டுகிறான். அதில் மாடல் நம்பர் பொறித்த தகடு இல்லை. பூமாலை உள்சக்கரத்தை அளந்துவிட்டுக் கரியைத் துடைக்கிறான். விளிம்பில் மூன்று புள்ளிகள் தெரிகின்றன. கழற்றினால் அதே வாக்கில் திரும்ப மாட்டுவதற்காக அவனே பஞ்ச் உளியால் தட்டி வைக்கிற புள்ளிகள். இவ்வளவு பெரியதை அவன் மாட்டிக் கொடுத்தது தன் கூடப்பிறந்த தம்பி அன்புச்செல்வனின் காருக்கு மட்டும்தான். கரியாலூர் வளைவில் தம்பியோடு பள்ளத்தில் போன கார்.

“இன்னாண்ணா, பேயடிச்சாப்ல நிக்கிற? நானூறு ஹார்ஸ்பவர் இழுக்குமா, இழுக்காதா?”

பூமாலை சக்கரத்தைச் சுண்டுகிறான். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விரல் வைத்து நிறுத்தி, அது கோத்திருக்கும் ஷாஃப்டை ஆட்டிப் பார்க்கிறான். மயிரிழைகூட அசையவில்லை.

“ஷாஃப்ட் ஆடுதுப்பா,” என்கிறான். “தேறாது. வேற பாரு.”