ஜன்னலைப் பார்த்த ஸ்பீக்கர்

'இதுக்கு மேல இது பாடாதுங்க' என்று அந்த மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். இந்த ஸ்பீக்கரைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம். சமையலறை வாசலில் நின்ற ரங்கநாயகி மனதுக்குள் அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். கையில் இருந்த தட்டில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

கூடத்தில் மெக்கானிக் அர்ஷத், பெட்டியிலிருந்து கழற்றிய வூஃபரை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தான். கோனைச் சுற்றியிருந்த கறுப்பு ஃபோம் வளையம் கிழிந்து தொங்கியது.

"கோனுக்கு ஒண்ணும் ஆகலைங்க. இந்தச் சரவுண்டு வளையத்தை மட்டும் மாத்தி ஒட்டிட்டா, புதுசாட்டப் பாடும்."

"அப்படிச் சொல்லுங்க!" மகன் யஷ்வந்த் தொடையில் தட்டினான். "அடுத்த வாரம் அப்பாவுக்கு வருஷத் திதிங்க. அன்னைக்கு அவரோட ஸ்பீக்கர் பாடணும், அம்மா கேக்கணும். அவரு போனதுல இருந்து ஒரு நாள்கூட இதைப் போடலைங்க. போர்வையைப் போர்த்தி மூடி வெச்சுட்டாங்க. மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கினா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"எனக்கொண்ணும் இல்ல கண்ணு. காப்பியக் குடிங்க."

"பாத்தீங்களா? கேட்டா இதேதான் சொல்லுவாங்க."

அவள் கணவர் பங்காருவின் வீடு எது என்று கேட்டால், 'அந்தப் பாட்டு ஊடுங்களா?' என்றுதான் தெருவில் வழி சொல்வார்கள். அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போனால், 'குடுத்து வெச்சவங்க நீங்க' என்பார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். அவளும் சிரித்து வைப்பாள். சிரிக்கவே தாடை வலித்த நாட்களும் உண்டு.

அர்ஷத் பழைய பசையைச் சுரண்டிக்கொண்டே பேசினான். "வயசானா ஃபோம் தானா உதிரும்ங்க. ஆனா இது உதிர்றதுக்கு முன்னாலயே கிழிஞ்சிருக்குது. சாரு எப்பவுமே ஃபுல் சவுண்டுதானுங்களா?"

"அப்பா பாட்டுப் போட்டா எதுத்த ஊட்டு அங்கப்பன் மாமா டிவியை அணைச்சுப்போட்டு உக்காந்துக்குவாரு. நாதஸ்வரம், தவில், அவ்வளவுதான். வேறெதுவும் கேக்க மாட்டாரு. என் கல்யாணத்துல மேளக்காரங்களோட ஒரே சண்டை, கெட்டிமேளம் பத்தலைன்னு. 'பக்கத்துல உக்காந்து அழுதாலும் காதுல விழக் கூடாது, அதுக்குத்தானய்யா கொட்டச் சொல்றது'ன்னு கத்தறாரு!"

இருவரும் சிரித்தார்கள். யாரும் தொடாத காபியை எடுத்துக்கொண்டு ரங்கநாயகி உள்ளே போனாள். சூடாக்கிக் கொண்டுவந்தபோது அர்ஷத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்கம்மா, ஸ்பீக்கருன்னா உக்காந்து கேக்கறவங்களைப் பாத்து இருக்கோணும். இது ரெண்டும் சோஃபாவுக்கு முதுகைக் காட்டிட்டு ஜன்னலைப் பாத்து நிக்குது? தரையில தடமே விழுந்துபோச்சு."

அவள் வாய் திறப்பதற்குள் யஷ்வந்த் முந்திக்கொண்டான்.

"அது அப்பாவோட தாராள மனசுங்க. நாம மட்டும் கேட்டாப் போதுமா, தெருவும் கேக்கட்டுமேன்னு. எனக்குத்தான் குடுத்து வெக்கலை. ஒண்ணாங் கிளாஸ்லயே ஊட்டி ஹாஸ்டல்ல கொண்டுபோய்த் தள்ளிட்டாங்க. அப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு. அம்மாதான் ஒத்தக்கால்ல நின்னாங்க." அவன் குரலில் பழைய மனத்தாங்கல் எட்டிப் பார்த்தது. "இல்லீங்களாம்மா?"

"ஆமா கண்ணு" என்றாள். அதற்கு மேல் அவள் என்றைக்குமே சொன்னதில்லை.

புது வளையத்தை ஒட்டி, பசை காய்ந்ததும், அர்ஷத் இரண்டு கட்டைவிரல்களாலும் கோனை மெல்ல அமுக்கி அமுக்கி விட்டான். வளையம் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தாலும் உள்ளே உரசும். அப்படியானால் பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். உரசட்டும், உரசட்டும் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"உரசலீங்க. அருமையா உக்காந்துருச்சு."

இரண்டு பெட்டிகளையும் பழைய தடத்திலேயே நிறுத்திவிட்டு, "வாரேனுங்க" என்று அவன் கிளம்பினான்.

யஷ்வந்த் அப்பாவின் சிடியைத் துடைத்துப் போட்டான். சத்தம் குறைவாகத்தான் இருந்தது. நாதஸ்வரம் ஒரு இழையாகக் கிளம்பி, நிதானமாக வளைந்து வந்தது. ரங்கநாயகி அசையாமல் நின்றாள். இந்த நாதஸ்வரக்காரர் இத்தனை இனிமையாக வாசித்திருக்கிறார் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் கண்கள் கலங்கியதை யஷ்வந்த் பார்த்துவிட்டான்.

"அழுதுருங்கம்மா. நல்லா அழுதுருங்க. ஆனா இந்தச் சவுண்டு பத்தாது. வாங்க, அப்பா வெக்கற அளவுக்கு உங்க கையாலயே கூட்டுங்க." அவள் இடது கையைப் பிடித்து இழுத்து, வால்யூம் திருகு மேல் வைத்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்து, கோணலாகக் கூடிய கை அது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தது என்றுதான் அவனுக்குத் தெரியும்.

அவள் திருகினாள். நாதஸ்வரம் தேய்ந்து தேய்ந்து நின்றுபோயிற்று.

"என்னம்மா?"

"வேண்டாம் கண்ணு" என்றாள், சாம்பாருக்கு உப்புப் போதும் என்று சொல்வதுபோல. "அந்த அளவுக்கு வெச்சா, உள்ள ஒருத்தி அடி தாங்காமக் கத்தறது எதுத்த ஊட்டுக்குக் கேக்காது."