ரோமில் ஒரு புதன்கிழமை

"கொலோசியம் வேண்டாமெண்டு சொல்லுற முதல் ஆளை இண்டைக்குத்தான் காணுறன்!" என்று பெனடிக்ற் பேனையை மேசையில் போட்டார்.

லண்டன் எட்மண்டனில் அவருடைய வீட்டுக் குசினி மேசை முழுக்க ரோம் நகரத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. எதிரே பாலேந்திரா உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் ஒரே பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. பெனடிக்ற் பங்குக் கோயில் ஆட்களோடு இரண்டு தடவை ரோமுக்குப் போய்வந்தவர். பாலேந்திரா அகதியாக லண்டன் வந்து எட்டு வருடம். குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து அகதிகளுக்கான பயணப் பத்திரம் இப்போதுதான் கைக்கு வந்திருந்தது.

அவன் திங்கள் போய்ப் புதன் இரவு திரும்புவதாகத் திட்டம். முதல் இரண்டு நாளுக்கு லீவு கிடைத்துவிட்டது. புதன்கிழமைக்கு மட்டும் பதிலாள் பிடித்துத் தந்தால்தான் விடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். அன்று ஓய்வில் இருப்பவர் பெனடிக்ற் ஒருவர்தான்.

"வேண்டாமெண்டு சொல்லேல்லை, அண்ணை. நேரம் கிடைச்சாப் பாப்பன். ஆனா புதன் காலமை வத்திக்கானிலை இராயப்பர் சதுக்கத்திலை நான் கட்டாயம் நிக்கவேணும்."

"அது பாப்பரசர் சனத்துக்கு ஆசீர்வாதம் குடுக்கிற நாள். நில்லும். மற்ற ரெண்டு நாளும் அறைக்குள்ளை படுத்திருக்கப் போறீரோ?" பெனடிக்ற் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டார். "பந்தியோன் எண்டொரு கட்டடம். கூரைக்கு நடுவிலை ஒரு பெரிய ஓட்டை, வானம் தெரியும். மழை பெய்தா உள்ளுக்குத்தான் விழும். தண்ணி ஓடத் தரையிலையும் துவாரம் விட்டிருக்கிறான். ரெண்டாயிரம் வருசம் வரும், அசையேல்லை!"

"எங்கடை ஃபக்டரிக் கூரை ரெண்டு மாரிக்கே ஒழுகுது" என்று பாலேந்திரா சிரித்தான்.

"இராயப்பர் சதுக்கத்தைச் சுத்தி நாலு வரிசைத் தூண். தரையிலை ஒரு வட்டக் கல் இருக்கு. அதிலை ஏறி நிண்டு பாரும், நாலு வரிசையும் ஒண்டாத் தெரியும். கட்டினவன் மனுசனோ, வேறை என்னவோ!"

பாலேந்திரா வாய் திறந்தபடி கேட்டான். பிறகு மறுபடியும் புதன்கிழமைக்கே வந்தான்.

"அண்ணை, டிக்கெற் இல்லாமல் உள்ளை விடுவினமோ? யாத்திரைக் குழுக்கள் எந்தப் பக்கத்திலை இருக்கும்? முடிஞ்சவுடனை போயிடுவினமோ, கொஞ்சம் நிப்பினமோ?"

அடுப்படியில் நின்ற அவர் மனைவி மேரிறோஸ் திரும்பிப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை தவறாமல் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போற ஆள்! பாப்பரசரிலை என்ன திடீர்ப் பக்தி?"

பாலேந்திரா வரைபடத்தில் சதுக்கத்தைத் தேடினான். பெனடிக்றின் மனதுக்குள் விளக்கு ஒன்று எரிந்தது. மூன்று வாரமாக இவன் வேலை இடைவேளைகளில் கேட்டதெல்லாம் இதே கேள்விகள். ஆண்டவர் யாரை எப்போது அழைப்பார் என்று யாருக்குத் தெரியும்?

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, புதன் பின்னேரம் எனக்குச் கோயிலிலை சதா சகாய மாதா நவநாள் செபம். லண்டனுக்கு வந்து பதினொரு வருசம், ஒரு புதனும் விடேல்லை. ஊர் சுத்திப் பாக்கிறதுக்கெண்டா உம்மடை ஷிப்டை எடுக்கமாட்டன். ஒரு ஆத்துமாவுக்கெண்டா எடுப்பன். ஒளிக்காமல் சொல்லும், எங்கடை வேதத்துக்கு மாறி வாறீர்தானே?"

'ஓம்' என்று தலையாட்டினால் போதும், புதன்கிழமை கிடைத்துவிடும். பாலேந்திரா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லை, அண்ணை. உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது. நான் மாறேல்லை."

பெனடிக்ற் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "அப்ப அவ்வளவு தூரம் எதுக்கு?"

"எங்கடை அம்மாவுக்கு லண்டன் விசா மூண்டு தரம் மறுத்திட்டாங்கள். நானும் இலங்கைக்குத் திரும்பிப் போகேலாது. கொழும்பிலை ஒரு பங்குச் சுவாமியார்தான் இரக்கப்பட்டு, ரோமுக்கு வாற யாத்திரைக் குழுவிலை அம்மாவைச் சேர்த்திருக்கிறார். புதன் காலமை அவையள் சதுக்கத்திலை, அண்டைக்குப் பின்னேரமே வேறை ஊருக்குப் போயிடுவினம்" என்றான். "தேவாரத்தைத் தவிர வேறை ஒண்டும் வாயிலை வராத மனுசி, ஆக்களோடை ஆளா நிக்கவேணுமெண்டு ஆறு மாசமா முழந்தாளிலை நிண்டு உங்கடை செபமெல்லாம் பாடமாக்கிறா, அண்ணை."

பெனடிக்ற் வாய் திறக்குமுன் மேரிறோஸ் அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "நவநாளுக்கு நான் போறன். நீங்கள் வேலைக்குப் போங்கோ."