நான்கு புள்ளி பதினேழு

"நாலு புள்ளி ஒன்பது பெருசா, நாலு புள்ளி பதினேழு பெருசா? நீயே சொல்லு!"

வீட்டுக்குள் நுழையும்போதே நூலகர் கத்தினார்.

மேஜையில் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த மனைவி, "பதினேழு" என்றாள்.

"பள்ளிக்கூடத்துல கணக்குப் படிச்சியா இல்லையா? 4.9ன்னா கிட்டத்தட்ட அஞ்சு!"

"இது கணக்கு இல்லைங்க, வரிசை. ஒன்பதாவதுக்கு அப்புறம்தானே பதினேழாவது வரும்?"

"இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே."

நூலகக் கணினியில், புத்தகம் திருப்பித் தரவேண்டிய தேதியைக் கவனித்துக்கொள்வது ஒரு ப்ளகின், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் குட்டி நிரல். யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தது. பெரிய எண்தான் புதுசு என்று நம்பி, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த 4.17 பதிப்பைத் தூக்கிவிட்டு 4.9-ஐப் போட்டுவிட்டார் நூலகர். தேதிகள் தலைகால் புரியாமல் ஓடின.

"எல்லாருக்கும் நோட்டீஸ் பறந்துடுச்சு. 'எண்பது வருஷமா புத்தகத்தைத் தரலை'ன்னு நூலகத் துறை இயக்குநருக்கே ஒண்ணு போயிருக்கு. அந்த மனுஷனுக்கு வயசே ஐம்பத்தெட்டு! நாளைக்கு நேர்ல வர்றாராம். வேலை தங்குமான்னே தெரியலை."

"பழையபடி 4.17-ஐயே போடுங்க. சரியாயிடும்."

"சரியாயிடுமா? அதை எழுதினவன் ஒரு வருஷம் 3.2-லயே கிடந்தான். போன மாசம் ஒரே வாரத்துல 4.0-ல ஆரம்பிச்சு 4.17 வரைக்கும் ஓடினான்! என்னடா கணக்கு இதுன்னு மெயில் போட்டேன். 'பதிப்பு எண், வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது'ன்னு பதில் போடறான்!"

"பாவம், என்ன கஷ்டமோ."

"என்ன பெரிய கஷ்டம்? பொண்டாட்டிகிட்ட உதை வாங்கறான் போல. மடையன்!" மேஜையில் ஓங்கி அடித்தார். தம்ளர் உருண்டது. "நீ வேற அவனுக்கு வக்காலத்து! நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி சும்மா உக்காந்திருக்கிறவளுக்கு என் பாடு எங்க புரியப்போகுது?"

அவள் தம்ளரை நிமிர்த்தி வைத்தாள். சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். உள்ளே போய் மடிக்கணினியை எடுத்து வந்து, அவர் எதிரிலேயே திறந்தாள்.

திரையில் அந்தப் ப்ளகினின் பக்கம். மூலையில், அதை எழுதியவரின் படம். நூலகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் மனைவியேதான்.

"நீங்க கத்தினா நான் எதிர்த்துப் பேசறதில்லை. உள்ள போய் உக்காந்து ஒரு பிழையைத் திருத்தி வெளியிட்டுடுவேன். சின்னச் சண்டைன்னா புள்ளிக்குப் பின்னாடி ஒண்ணு ஏறும். பெரிய சண்டைன்னா முன்னாடி."

நூலகர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ... அந்த ஒரே வாரத்துல பதினேழு?"

"உங்க அக்கா வந்து தங்கியிருந்தாங்களே, மறந்துட்டீங்களா?" என்றபடி, அவள் புது எண்ணைத் தட்டினாள்: 5.0.