முந்திச் சிரித்தவள்

நான் இன்னும் சிரிக்கவே இல்லையே என்று நினைத்தாள் மாதங்கி. அசைவுகளைப் பதிவுசெய்யும் கருவிகளை உடம்பெங்கும் ஒட்டிக்கொண்டு, அவள் பிணமாகப் படுத்திருந்தாள். எதிரே பெரிய திரையில், நட்சத்திரங்களும் அணைந்துபோன இருட்டில், அவள் அசைந்தால் மட்டுமே அசையும் வீடியோ கேமின் ரத்தக்காட்டேரி அவள் முகத்தோடு செத்துக் கிடந்தது. செத்ததாக நடித்தவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும், இல்லாவிட்டால் சாவு ஒட்டிக்கொள்ளும் என்பது சினிமாக்காரர்களின் சாங்கியம். அவள் உதடு பிரியுமுன்பே திரையில் கிடந்தது கோரைப்பல் தெரியச் சிரித்தது.

“சாஃப்ட்வேர் கோளாறுமா. உன் சாங்கியத்தையும் அதுவே முடிச்சிருச்சு பாரு!” என்றார் இயக்குநர் எழில்வேந்தன். “நீயும் சிரிச்சிட்டு எந்திரி. பிரியாணி ஆறுது.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது திரையில் அது எழுந்து உட்கார்ந்தது. மாதங்கி படுத்தபடியே இருந்தாள். சிரிப்புச் சத்தம் அப்படியே நின்றுபோயிற்று.

“மாதங்கி, சீக்கிரம் சிரிச்சிரும்மா.” இயக்குநர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

முதலில் சிரித்தது உயிரோடு எழுந்துவிட்டது. இனி தான் சிரித்தால் அதற்கு நிழலாகத்தான் ஆவோம் என்று அவளுக்குத் தோன்றியது. உதடுகளை இறுக மூடிக்கொண்டு, மாட்டேன் என்று தலையசைத்தாள்.

திரையில் இருந்தது தலையசைக்கவில்லை.