பதினெட்டா, இருபத்திரண்டா?

"முத்திரை தேய்ஞ்சு போயிருக்கு. எத்தனை கேரட்னு பாத்துச் சொல்லுங்க" என்று ஒற்றை வளையலை நகைக்கடைக்காரரிடம் நீட்டினாள்.

அவர் கருவியில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இருபத்திரண்டு இல்லம்மா, பதினெட்டுதான். நாலுல ஒரு பங்கு செம்பும் வெள்ளியும். யாரோ உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டாங்க."

"பதினெட்டேதானா? நல்லாப் பாத்தீங்களா?"

"சத்தியமா."

"அப்பாடா! உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்!"

அவர் திருதிருவென்று விழித்தார்.

"என் வளையலுக்கு ஜோடியாப் போட்டுக்க, அச்சு அசலா அதே மாதிரி ஒண்ணு நாத்தனார்கிட்ட இரவல் வாங்கினேன். நேத்து ஒண்ணு எங்கயோ கழண்டு விழுந்துடுச்சு. மிச்சம் இருக்கிறது யாரோடதுன்னு தெரியாம ராத்திரி பூரா தூக்கமில்ல. அவங்களோடது பதினெட்டு."

வளையலைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "நல்லவேளை, தொலைஞ்சது என்னோட இருபத்திரண்டு!"