ஒரு வாய் சூப்

முதல்முறையாக அந்த வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் பதறிப்போனாள். கழுத்துப்பட்டையுடன் நாற்காலியில் இருந்தவருக்குச் சூப் புரையேறி, கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது.

"மெதுவா, சார்!"

"பட்டை மோவாயைத் தூக்கியே பிடிக்குதும்மா. குனிய முடியல; தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"அளவு சரியில்ல போல. டாக்டர்கிட்ட கேட்டு மாத்திடலாம்."

"அதைச் செய்ங்க முதல்ல" என்றவர், பட்டையைச் சர்ரென்று பிரித்துக் கழற்றினார்.

"ஐயோ, கழட்டாதீங்க! கழுத்து அசையக் கூடாது!"

"அடிபட்டது எனக்கில்லம்மா, என் வீட்டுக்காரிக்கு. சாப்பிடாம என்ன அடம்னு காலையில கத்திட்டேன். அப்புறம் மனசு கேக்கல. இதே மாதிரி ஒண்ணு வாங்கி மாட்டிப் பார்த்தேன்."

உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் மெல்ல வந்தது.

"கிண்ணம் காலியாகிற வரைக்கும் அவரைக் கழட்ட விடாதம்மா!"